நடுவர் தாளில் இல்லாத கேள்வி: ஒரு வினோத உடை நிகழ்வு பற்றிய ஆய்வு

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தையும் மாசியும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளின் காலம். அணிநடைக்கும் அஞ்சலோட்டத்துக்கும் பிறகு, வெயில் தாழும் வேளையில், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் வினோத உடை நிகழ்வு நடைபெறும். சனம் அதற்காகத்தான் காத்திருக்கும். நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் வலிகாமத்தில் உள்ள ஒரு பாடசாலை என்னை அந்த நிகழ்வுக்கு நடுவராக அழைத்தது. மூன்று நடுவர்களில் நானே மூத்தவள். அன்று நான் இட்ட புள்ளிகளைப் பற்றியும் அவற்றால் விளைந்தவற்றைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் அடையாளம் காணப்படக் கூடாது என்பதால் பாடசாலையின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்து, சிறு விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

மைதானத்துக்கு வந்த பிள்ளைகளில் ஒளவையார் இருந்தார், பாரதியார் இருந்தார், டெங்கு நுளம்பு இருந்தது, பொலித்தீன் பைகளால் போர்த்திய பூமாதேவி இருந்தாள். தொப்பியும் பிரம்புமாக ஒரு வெள்ளைக்காரத் துரை, பாசிமணியும் கூடையுமாக ஒரு குறத்தி, இலைதழை கட்டிய ஒரு வேடன் ஆகியோரும் வந்தனர். இவை ஆண்டுதோறும் வருகின்ற வேடங்கள். அடுத்த பாடசாலைக்குப் போனாலும் இவர்களையே காணலாம்.

முதலிடம் பெற்றது தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். தரம் மூன்றில் படிக்கும் அந்தப் பிள்ளையின் தாய் மிகுந்த சிரத்தையோடு ஆயத்தம் செய்திருந்தார். இடுப்பில் படங்கு கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடைக்குள் கிளுவை இலைகளைக் கொழுந்தாக நிரப்பியிருந்தார். முகத்திலும் கைகளிலும் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, வெற்றிலை போட்ட வாய்போலப் பற்களுக்குச் சிவப்பும் தீட்டியிருந்தார். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் பிள்ளை, "சலாமுங்க தொரை, சம்பளம் பத்தலீங்க தொரை" என்று தலையைச் சொறிந்து, குரலை இழுத்துப் பேசியது. மைதானம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாமிடம் "ஆபிரிக்கக் காட்டுவாசி" என்று அறிவிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது. உடல் முழுவதும் கரி, கறுப்புக் கம்பளி நூலால் செய்த சுருட்டை முடி, வாயைச் சுற்றித் தடித்த சிவப்பு, கழுத்தில் மட்டையில் வெட்டிய எலும்புகள், கையில் ஈட்டி. அவனுக்கு வசனம் இல்லை. துள்ளித் துள்ளிப் பொருளற்ற ஒலிகளை எழுப்பினான்.

எங்களிடம் தரப்பட்ட புள்ளித் தாளில் மூன்று நிரல்கள் இருந்தன: தோற்றப் பொருத்தம், ஒப்பனை, நடிப்பும் வசனமும். அந்தத் தாளின்படி நாங்கள் பிழைவிடவில்லை, பிழை தாளிலேயே இருந்தது என்று பின்னாளில் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முயன்றிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. "தோற்றப் பொருத்தம்" என்ற நிரல் ஒரு மக்கள் கூட்டத்தின் தோற்றம் எப்படியிருக்கும் என்ற முன்முடிவை நடுவரிடமிருந்தே எதிர்பார்க்கிறது. அந்த முன்முடிவு என்னிடம் ஆயத்தமாக இருந்தது. கரி கூடக்கூட நான் இட்ட புள்ளியும் கூடியது.

முறைப்பாடு

இரண்டு நாட்களின் பின்னர் ஒரு தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய மகளும் அதே பாடசாலையில் தரம் மூன்றில் படிக்கிறாள். படலையைத் திறந்து உள்ளே வருவதற்கே தயங்கினார். "நாங்கள் சண்டைக்கு வரேல்லை ரீச்சர். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்குது. இன்ரவலுக்கு எல்லாம் சேர்ந்து 'தொரை தொரை' எண்டு கூப்பிடுதுகளாம்" என்றார்.

அந்தப் பிள்ளையின் அம்மாயி, அதாவது தாயின் தாய், ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த பல குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறி, போரில் மீண்டும் மீண்டும் பெயர்ந்து, 2009இற்குப் பிறகு திருமணம் வழியாக வலிகாமத்துக்கு வந்திருந்தார்கள். வகுப்பில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. போட்டியன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில், தன் அம்மாயியும் அப்படித்தான் கூடை கட்டினவர் என்று, பெருமையாகவே, தோழி ஒருத்தியிடம் பிள்ளை சொல்லியிருக்கிறது. மறுநாள் இடைவேளையிலேயே அது கேலியாகத் திரும்பிவிட்டது. தாய் சொல்லாமல் விட்ட இன்னொரு சொல்லும் அந்தக் கேலியில் இருந்ததைப் பின்னர் வகுப்பாசிரியை வழியாக அறிந்தேன். "தோட்டக்காட்டான்" என்ற அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் யாரிடமாவது கேட்டிருப்பர்.

இரண்டாவது முறைப்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. நிகழ்வின் காணொளியைப் பழைய மாணவர் ஒருவர் முகநூலில் ஏற்றியிருந்தார். ரொறன்ரோவில் பாடசாலை ஒன்றில் பணிபுரியும் உறவினர் ஒருவர், கரி பூசிய சிறுவனைப் பார்த்துப் பதறி, சிறுவனின் தகப்பனாருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். தகப்பனாருக்குக் கோபம் வந்தது. வேடிக்கைக்குச் செய்ததை இனவெறி என்பதா, கனடாவுக்குப் போனதும் எல்லோருக்கும் புதுப் புத்தி வந்துவிடுகிறது என்று அதிபரிடம் போய்ச் சொன்னார்.

இரண்டு முறைப்பாடுகளையும் பாடசாலை எடுத்துக்கொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்தது உடனடியாக அதிபரின் மேசைக்குச் சென்றது. காணொளி அன்றிரவே நீக்கப்பட்டது. நடந்து வந்த தாயின் முறைப்பாடு "பிள்ளைகளின் விளையாட்டு" என்று வகுப்பாசிரியையோடு நின்றுவிட்டது. நான் எடுத்துச் சொன்ன பிறகே இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு கூட்டம் வைக்கப்பட்டது.

கரியின் வரலாறு

கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி, ஆபிரிக்கரே இல்லாத ஊரில் கரி பூசினால் யாருக்கு என்ன நோவு என்பது. இதற்கு வரலாற்றால்தான் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் அடிமை முறை நடைமுறையில் இருந்த 1830களில், வெள்ளையர் தம் முகத்தில் எரித்த தக்கையின் கரியைப் பூசி, வாயைப் பெரிதாக வரைந்து, கறுப்பினத்தவரை மூடராகவும் சோம்பேறிகளாகவும் ஆடிக்காட்டும் மேடை நிகழ்ச்சிகள் பெரும் வருமானம் ஈட்டும் தொழிலாக வளர்ந்தன. தோமஸ் ரைஸ் என்ற நடிகர் ஆடிப் புகழ்பெற்ற பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பிற்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பாடசாலையிலும் பேருந்திலும் பிரித்து வைத்த சட்டங்களுக்கு வழங்கிய பெயரும் அதுவே. மேடைக் கோமாளியின் பெயர் சட்டத்தின் பெயராகப் படிந்த இந்தச் செய்தி ஒன்றே போதும் என்று எனக்குப் படுகிறது. இந்த மக்கள் இப்படித்தான் என்று சிரித்துப் பழகிய ஒரு சமூகத்துக்கு, அவர்களை ஒதுக்கி வைக்கும் சட்டம் பிறகு அநியாயமாகத் தெரியவில்லை. பிரித்தானியாவில் அதே ஒப்பனையோடு கூடிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. எங்கள் சிறுவனின் வாயைச் சுற்றி வரைந்த தடித்த சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுடைய தாய்க்குத் தெரியாது. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார். அறியாமல் செய்தார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தப் படம் கடந்து வந்த வழி அதுதான்.

"ஆபிரிக்கரே இல்லாத ஊர்" என்பதும் முழு நாட்டுக்கும் பொருந்தாது. போர்த்துக்கேயர் காலம் தொட்டு ஆபிரிக்கர்கள் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மஞ்சா இசையைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தாளம் போட்டவர்கள் நம்மில் பலர். ஆபிரிக்கரைக் குறிக்கும் "காப்பிலி" என்ற சொல் யாழ்ப்பாணப் பேச்சில் வசையாகப் புழங்குகிறது. கறுப்பாகப் பிறந்த எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தம் வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள் என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. கரி பூசிய பிள்ளையைப் பார்த்து எழுந்த சிரிப்பில் ஆபிரிக்காவைவிட நம்முடைய நிறப்பித்துத்தான் அதிகம் கலந்திருந்தது.

நாம் கறுப்புச் சாயமாகும்போது

தகப்பனாரின் கோபத்தைக் கூட்டத்தில் தணித்தது ஆபிரிக்க வரலாறு அன்று, சிங்கப்பூர்ச் செய்தி. 2019 ஜூலையில் அங்கே மின்பணப் பரிமாற்றத்துக்கான ஒரு விளம்பரம் வெளியானது. அதில் சீன இனத்தைச் சேர்ந்த நடிகர் ஒருவரே நான்கு பாத்திரங்களில் தோன்றினார். அவற்றுள் ஒன்று தோலைக் கருமையாக்கிய ஓர் இந்தியர். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் இருந்த பெயர் முத்துசாமி. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் நாட்டில், தமிழ்ப் பாத்திரத்துக்கு ஒரு தமிழரை அழைக்காமல் சாயத்தை எடுத்தார்கள் என்பதே எழுந்த கண்டனம். விளம்பரத்தைச் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதைச் சாடிக் காணொளிப் பாடல் வெளியிட்ட அண்ணன் தங்கை இருவருக்கு, பாடலின் மொழியைக் காரணம் காட்டிப் பொலிசார் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை விடுத்தனர். இதை நான் சொன்னபோது, "முத்துசாமி எண்டு பேரும் குத்தினவங்களோ?" என்று தகப்பனார் கேட்டார். கூட்டத்தில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

கனடாவின் உதாரணம் எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றியது. 2019 செப்ரெம்பரில், பிரதமராக இருந்த ஜஸ்ரின் ரூடோ 2001இல் வன்கூவர் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, அரேபிய இரவுகள் என்ற தலைப்பில் நடந்த விருந்துக்குத் தலைப்பாகையும் கருமைச் சாயமும் அணிந்து சென்ற படத்தை டைம் சஞ்சிகை வெளியிட்டது. தைப்பொங்கல் நாளில் வேட்டி கட்டி நம்மவர் நடுவே நின்ற அதே மனிதர். அவர் மன்னிப்புக் கேட்டார். அவரை வெறுக்கத் தேவையில்லை என்று சொன்ன தமிழர்களும் உண்டு; அவர் அன்று ஓர் ஆசிரியர், பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் இருந்தவர் என்பதுதான் என்னை உறுத்தியது. நானும் ஆசிரியைதான்.

தெற்கிலிருந்து ஒரு சான்றும் வேண்டும். சிங்களத் தொலைக்காட்சி நகைச்சுவைகளில் கொச்சைச் சிங்களம் பேசும் தமிழர் நீண்ட காலமாக ஒரு நிரந்தரப் பாத்திரம். அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். 1958இலும் 1983இலும் வழிமறித்த கும்பல்கள் வாளியைக் குறிக்கும் "பால்திய" என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்குப் பிறழ்ந்தவரைத் தமிழர் என்று இனங்கண்டதை நம் பெற்றோர் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் "தொரை, பத்தலீங்க" என்று இன்னொருவரின் உச்சரிப்பை இழுத்துப் பேசிய பிள்ளைக்கு நான் அதிகூடிய புள்ளி இட்டேன்.

கொழுந்துக் கூடை

முதற் பரிசு பெற்ற பிள்ளையின் தாய் கூட்டத்தில் அழுதுவிட்டார். தாம் யாரையும் இழிவுபடுத்தவில்லை என்றும், மலையகத்தவர் வந்து 200 ஆண்டு நிறைவடைந்ததைப் பத்திரிகையில் வாசித்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தின் படங்களைப் பார்த்துத்தான் அந்த வேடத்தைத் தேர்ந்ததாகவும் சொன்னார். நான் அதை நம்புகிறேன். கூடை கட்டியதில் தவறில்லை. படங்கு கட்டியதில் தவறில்லை. அது மழையிலும் பனியிலும் செடிகளுக்கிடையே நிற்கும் ஒரு தொழிலாளியின் உடை. தவறு கூடையைத் தாண்டிய இடத்தில் தொடங்கியது. கரி, சிவந்த பல், தலைச்சொறி, இழுத்த பேச்சு ஆகிய நான்கும் அந்தத் தொழிலைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அந்த மக்கள் இயல்பிலேயே இப்படித்தான் என்று மட்டும் சொல்லின. சம்பளம் போதாது என்பது அவர்களின் வாழ்வில் எவ்வளவு கடுமையான சொல்! நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது சட்டப்படி கிடைத்தது. எங்கள் மைதானத்தில் அது சிரிப்புக்கான வசனமாயிற்று.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விடயத்தில் தனியான ஒரு கடன் உண்டு. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்த விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்றதும், செல்வநாயகம் தரப்பினர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதும் நம் மேடைகளில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படுபவை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிகுதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டதையும் கண்டித்தோம். அதே காலத்தில் நம் வீடுகளில் பாத்திரம் கழுவவும் பிள்ளை தூக்கவும் மலையகத்துச் சிறுமிகள் கொண்டுவரப்பட்டார்கள். மேடையில் அவர்கள் "எம் தொப்புள்கொடி உறவுகள்". குசினியில் அவர்களுக்கு வேறு பெயர் இருந்தது. அன்று மைதானத்தில் ஒலித்தது குசினிக் குரல்.

கூத்தின் பெயரால் ஒரு வாதம்

மற்றொரு நடுவர் கூத்துக் கலைஞர். அவருடைய வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. வேடம் கட்டுவதே நம் கலை, ஆண் பெண்ணாகிறான், அரசன் புலையனாகிறான், இதையெல்லாம் அவமதிப்பு என்றால் அரங்கே இல்லை என்றார். நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தில் சுடலை காப்பவனாக நின்றதை அவர் எடுத்துக்காட்டினார். நான் சிறுமியாக இருந்தபோது அதைக் கோயில் வீதியில் இருந்து பார்த்திருக்கிறேன். விடிய விடிய யாரும் அந்தச் சுடலைக் காவலனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழுதார்கள். அரசன் அந்த மனிதனின் வாழ்வுக்குள் இறங்கினான், அங்கிருந்து உலகத்தைப் பார்த்தான். மூன்று நிமிட வினோத உடையில் அப்படி இறங்க இடமில்லை என்பது உண்மை. இடமில்லாத காரணத்தால்தான் அங்கே மனிதர் போய், அடையாளக் குறி மட்டும் மிஞ்சுகிறது.

வெள்ளைக்காரத் துரை வேடத்தை ஏன் யாரும் குறை சொல்லவில்லை என்றும் அவர் கேட்டார். துரையைப் பார்த்துச் சிரித்ததால் எந்தத் துரையும் வேலையையோ வீட்டையோ இழந்ததில்லை என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை.

குறத்தி வேடத்தைப் பற்றி எங்களுக்குள் முடிவு வரவில்லை. நல்லூர்க் கந்தனின் வள்ளி குறமகள். குறவஞ்சி இலக்கியத்தில் குறத்தி தன் மலையின் வளத்தைத் தலை நிமிர்ந்து பாடுகிறாள். ஆனால் எங்கள் மைதானத்துக் குறத்தி பழந்துணி கேட்டுக் கெஞ்சுகிறாள். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர் குடும்பத்துப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேட்டேன். அது இங்கே வரப்போவதில்லை என்றார் ஒருவர்.

அந்தப் பதிலில்தான் என் விசாரணைக்கு வேண்டியது கிடைத்தது. நாற்பது ஆண்டுகளாக இந்தக் குடாநாட்டில் வினோத உடை நிகழ்வுகளைப் பார்த்து வருகிறேன். சீவல் தொழிலாளியையோ பறை அடிப்பவரையோ முடி திருத்துபவரையோ, அந்தக் குடும்பங்கள் வாழும் ஊர்ப் பாடசாலையில் யாராவது கேலி வேடமாகப் போட்டு நான் கண்டதில்லை. எந்த அம்மாவும் போடவிடமாட்டார். போட்டால் அன்றிரவே படலையில் ஆள் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே, எது புண்படுத்தும் என்ற அறிவு நம்மிடம் குறைவாக இல்லை. அதை யாரும் கனடாவிலிருந்து அனுப்பவும் வேண்டியதில்லை. மைதானத்தில் யார் இல்லை என்று எண்ணுகிறோமோ, அவர்களிடத்தில் அந்த அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறோம். தரம் மூன்றில் ஒரு பேத்தி இருந்ததை நாங்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

முடிவு

புள்ளித் தாளில் "தோற்றப் பொருத்தம்" என்ற நிரலை நீக்கி, பாத்திரத்தின் செயலைக் காட்டுவதற்குப் புள்ளி தர வேண்டும் என்றும், அந்த மக்களில் ஒருவர் முன்வரிசையில் இருந்தால் இதே வசனத்தைப் பிள்ளை பேசுமா என்று பயிற்றும் ஆசிரியை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். அதிபர் பாதியை ஏற்றார். தோலின் நிறத்தை மாற்றும் ஒப்பனையும், ஒரு சமூகத்தின் பேச்சைக் கேலிக்காகப் போலச் செய்வதும் இனி அனுமதிக்கப்படா என்று சுற்றறிக்கை போனது. குறத்தியும் வேடனும் பட்டியலில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டும் நடுவராக வரக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன்.

கேலி செய்த பிள்ளைகளுடன் வகுப்பாசிரியை பேசினார். பேத்தி இரண்டு வாரங்களின் பின் வழமைபோலப் பாடசாலைக்கு வரத் தொடங்கினாள் என்றாலும், தவணை முடிந்ததும் அவர்கள் அவளை வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதுதான் விடுகைப் பத்திரத்துக்காகச் சொன்ன காரணம்.

முதற் பரிசு பெற்ற பிள்ளையின் தாய் ஒருநாள் கிண்ணத்தையும் சான்றிதழையும் பையில் போட்டு எடுத்து வந்து, திருப்பித் தரட்டுமா என்று கேட்டார். பிள்ளை நாங்கள் கேட்டதைத்தான் செய்தது, வைத்திருங்கள் என்றேன். சான்றிதழின் அடியில் என் கையொப்பம் இருந்தது. அதை மட்டும் இன்னொரு முறை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.